யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் எம்.டி. கூப்பிட்டார். பேருந்துப் பெட்டி வேலையை இன்றிலிருந்து நான் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். பழைய லீடு வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். நாற்காலியில் கிடந்த ஸ்வெட்டரை மறக்காமல் எடுத்துக்கொண்டார், வேலையை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

பெட்டி என்பது டிரைவர் தலைக்குப் பின்னால் மாட்டுகிற சின்னக் கருவி. அடுத்த நிறுத்தம் எது என்று வாய்விட்டுச் சொல்லும். கண் தெரியாத பயணிகளுக்காகப் போக்குவரத்துக் கழகம் கேட்டது. ஜன்னலோரம் தூங்கிவிட்டு எங்கேயோ போய் இறங்குகிற என் வீட்டுக்காரருக்கும் உதவும்.

ஏப்ரல் பதினைந்தாம் தேதி முதல் வழித்தடத்தில் பெட்டி பேசியாக வேண்டும். பேசாவிட்டால் டீமைக் கலைத்துவிடுவாராம். ஆளுக்கொரு பக்கம் அனுப்பிவிடுவார். மைனாவுக்கு அந்தப் பக்கமும் கிடையாது. அவள்தான் எங்கள் டெஸ்டர், ஒப்பந்தத்தில் இருப்பவள், டீம் போனால் வேலையும் போகும். வாய் ஓயாமல் பேசுவதால் அவளுக்கு அந்தப் பெயர். இதையெல்லாம் எம்.டி. டீயை ஊதிக் குடித்துக்கொண்டே சொன்னார். நானும் யோசிக்காமல் சரி சார் என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

மார்ச் 4, புதன்

போர்டைத் திறந்து பார்த்தேன். திறந்திருக்க வேண்டாம்.

மார்ச் 6, வெள்ளி

இரண்டு நாளாக அந்தப் போர்டோடு மல்லுக்கட்டுகிறேன். வேலைகளைக் குறித்துவைக்கும் மென்பொருள், எல்லா கம்பெனியிலும் இருப்பதுதான். ஒரு வேலைக்கு ஒரு கார்டு. வேலை பெரிதாக இருந்தால் அதைத் துண்டு போட்டு அந்தக் கார்டுக்குக் கீழேயே வைக்கலாம், அதற்கு சப்டாஸ்க் என்று பெயர். பழைய லீடுக்கு இந்த ஒரு வித்தைதான் தெரிந்திருக்கிறது. எது ஞாபகம் வந்தாலும் ஏதாவது ஒரு கார்டுக்கு அடியில் சொருகியிருக்கிறார்.

மைனாவின் கார்டு ‘சோதனை’. அதற்கு அடியில் என்னென்ன இருக்கிறது? பெட்டிகளுக்கு எல்லாவற்றையும் அனுப்புகிற சர்வரை மேல்மாடி டீம் தருவது. கழகம் நிறுத்தங்களின் இறுதிப் பெயர்ப்பட்டியலை அனுப்புவது. ஸ்பீக்கர் வாங்குவது. இதில் ஒன்றாவது அவள் கையில் இருக்கிறதா? ஆனால் மென்பொருளுக்கு அது தெரியாதே. கீழே இருப்பது முடியாவிட்டால் மேலே இருப்பதை மூட விடாது. கீழே தாமதமானால் அந்தத் தாமதத்தை மேலே இருப்பவர் தலையில் எழுதிவிடும். வாராவாரம் எம்.டி.க்குப் போகும் ரிப்போர்ட்டில் மைனாவின் பெயர் மட்டும் சிவப்பாக எரிகிறது.

“அந்தப் பொண்ணு கொஞ்சம் ஸ்லோ போல இருக்கே” என்றார் எம்.டி.

எனக்கு வந்ததே கோபம். அவ கைக்கு இன்னும் சோதிக்கறதுக்கு ஒண்ணுமே வரலையே, அவ எதை வேகமா சோதிப்பா? காற்றையா? பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். அங்கே தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். அதுதான் இப்போது இங்கே வந்து கொட்டுகிறேன்.

மார்ச் 9, திங்கள்

இன்று தலையில் கல் விழுந்தது.

கழகத்திலிருந்து திருத்திய பெயர்ப்பட்டியல் வந்தது. வழித்தடம் மாறியிருக்கிறது. நிறுத்தங்கள் பல சேர்ந்திருக்கின்றன, சில போயே போய்விட்டன, பாதிக்குப் புதுப் பெயர். நாங்களோ பழைய பெயர்களை எல்லாம் ஒரு குரல் கலைஞரை வைத்துப் பதிவு செய்து முடித்து, அவருக்கு நன்றியும் சொல்லி அனுப்பிவிட்டோம். அந்த அம்மா இப்போது தொண்டை சரியில்லாமல் இருக்கிறார். ஏப்ரலில்தான் பேசலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

எப்படி நடந்தது என்று எங்கள் ஒலிக்காரரைக் கேட்டேன். மனிதர் சண்டை போடுகிற ரகமே இல்லை. திரையைத் திருப்பிக் காட்டினார். ஒரே பெரிய கார்டுக்கு அடியில் ‘பெயர்ப்பட்டியல்’, அதற்குப் பக்கத்தில் ‘குரல்பதிவு’. அண்ணன் தம்பி மாதிரி சமமாக உட்கார்ந்திருந்தன. சரி, இரண்டும் ஒரே நேரத்தில் போகலாம் போல என்று நினைத்துப் பதிவை முடித்துவிட்டார். இது முடிந்த பிறகுதான் அது என்று போர்டில் எங்கேயும் இல்லை. அவரை எப்படித் திட்டுவது? திட்ட ஆள் கிடைக்காத கோபம்தான் பெரிய கோபம்.

வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவினேன். கழுவிய சத்தம் கேட்டு வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, அப்படியே திரும்பிப் போய்விட்டார். புத்திசாலி.

மார்ச் 10, செவ்வாய்

வீட்டுக்காரர் நாளை ஆபீஸ் வேலையாக வெளியூர் போகிறார். பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். சட்டை, சார்ஜர், ஷேவிங் சாமான் எல்லாம் உள்ளே போயிற்று. ஆனால் பெட்டியை மூடாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஏன் என்றால், நீல சட்டை கொடியில் ஈரமாகத் தொங்குகிறதாம்.

பார்த்துக்கொண்டே நின்றேன். சார்ஜரை எடுத்து வைப்பது பெட்டி கட்டுவதில் ஒரு பகுதி. அது இவர் வேலை. சட்டை காய்வது அப்படியா? அது வெயிலின் வேலை. இவர் அதற்காகக் காத்திருக்கலாம், அவ்வளவுதான். சட்டை காயவில்லை என்பதற்காக இவரைப் பெட்டி கட்டத் தெரியாதவர் என்று சொல்ல முடியாது. (அதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன.)

“ஏம்மா, அப்படியே முறைச்சுப் பாக்கறே?” என்றார். நான் முறைக்கவில்லை, யோசித்தேன் என்று சொன்னால் நம்பவா போகிறார்.

மார்ச் 12, வியாழன்

இன்று எல்லோரையும் உட்காரவைத்துப் போர்டைப் பிரித்துப் போட்டோம். ஒவ்வொரு சப்டாஸ்க்கையும் எடுத்து ஒரே கேள்வி: இது அந்த வேலையின் பகுதியா, இல்லை அந்த வேலை இதற்காகக் காத்திருக்கிறதா? பகுதி என்றால் அடியிலேயே இருக்கட்டும். காத்திருப்பு என்றால் அதைத் தனிக் கார்டாக வெளியே எடுத்து, செய்ய வேண்டியவர் பெயரைப் போட்டு, இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு. அந்தக் கோடு போடும் வசதி மென்பொருளில் முதல் நாளிலிருந்தே இருக்கிறது. யாரும் தொட்டதில்லை.

தாத்தாதான் முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். தாத்தா என்பவன் எங்கள் புரோகிராமர், டீமிலேயே வயது குறைந்தவன், பேச்சு மட்டும் ரிட்டயர் ஆனவர் பேச்சு. எங்கே போட்டாலும் அதே வேலைதானே அக்கா, கார்டை நகர்த்தினால் சர்வர் வந்துவிடுமா என்றான். வராதுதான். ஆனால் ‘சோதனை’ கார்டிலிருந்து ஒவ்வொன்றாக உருவி எடுத்தபோது அவனே நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தான். கடைசியில் மைனாவுக்கு அடியில் மிஞ்சியது அவளே செய்யக்கூடிய கொஞ்சம் வேலைதான். அதில் பாதியை ஏற்கெனவே முடித்து வைத்திருந்தாள்.

பக்கத்தைப் புதுப்பித்தோம். அவள் பெயரிலிருந்த சிவப்பு போய்விட்டது.

மைனா பேசவில்லை. மைனா பேசவில்லை என்றால் எனக்குப் பயம். திரையைப் பார்த்துக்கொண்டே, “இத்தனை நாளா நான்தான் மந்தம்னு நினைச்சிட்டிருந்தேன்க்கா. வீட்லகூட அப்படித்தான் சொல்லிவச்சிருக்கேன்” என்றாள்.

கஷ்டமாகிவிட்டது எனக்கு. பெருமையாகவும் இருந்தது. சொல்லக்கூடாதுதான், இருந்தாலும் இது என் டைரி, சொல்வேன்: நான் நல்ல வேலை செய்தேன் இன்று.

மார்ச் 13, வெள்ளி

மேல்மாடி லீடு படியிறங்கி வந்தார். அவர் கீழே வந்து யாரும் பார்த்ததில்லை. சிவப்பு இப்போது அவர் பெயரில். எங்கள் மேல் பழி போடுகிறாயா என்று ஆரம்பித்தார். பழி இல்லை சார், நீங்கள் தருவதற்காக நாங்கள் நிற்கிறோம் என்று எழுதியிருக்கிறது, அவ்வளவுதான், இத்தனை நாள் அது எங்கேயும் எழுதப்படவில்லை என்றேன். பட்டியலைப் பார்த்தார். உண்மையாகவே எங்களுக்கு சர்வர் தர வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாதாம். மைனாவின் கார்டுக்கு அடியில் ஒளிந்திருந்தால் அவர் எப்படிப் பார்ப்பார்? மாத முடிவுக்குள் தருகிறேன் என்று தேதி போட்டுவிட்டுப் போனார். போகும்போது எங்கள் பிஸ்கட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டார்.

மார்ச் 17, செவ்வாய்

புது வித்தை கற்றுக்கொடுத்தது வினையாகிவிட்டது. குரங்கு கையில் பூமாலை.

வந்து பார்த்தால் போர்டு முழுக்கக் கோடு. எல்லாம் எல்லாவற்றுக்காகவும் காத்திருக்கிறது. தாத்தா காலை நீட்டிப் பேப்பர் படிக்கிறான். என்னடா என்றால், “நான் பிளாக்டுக்கா” என்கிறான், வேறொருவர் முடிக்காமல் இவனால் நகர முடியாதாம். ஜுரம் என்று சொல்கிற மாதிரி சொல்கிறான்! ஒலிக்காரரும் பிளாக்டு. குரல் கலைஞர் தொண்டை சரியாகி வந்தால்தானாம். சத்தத்தின் அளவைத் திருத்த மைனா சோதிக்க வேண்டும் என்று தாத்தா கோடு போட்டிருக்கிறான். சோதிக்க தாத்தா அளவைத் திருத்த வேண்டும் என்று மைனா கோடு போடப் போனாள். மென்பொருளே கடுப்பாகி, இது சுற்றிச் சுற்றி வருகிறது, விடமாட்டேன் என்று சொல்லிவிட்டது. அதற்காவது அறிவு இருக்கிறதே.

முன்பு எல்லோரும் தெரியாமல் வேலை செய்தார்கள். இப்போது தெரிந்தே வேலை செய்யாமல் இருக்கிறார்கள். எது மேல்? ஏப்ரல் பதினைந்து ஓடிவருகிறது. எம்.டி. கலைத்துவிடுவார், நிச்சயம் கலைத்துவிடுவார். ஏன்டி உனக்கு இந்த வேலை, பேசாம இருந்திருக்கக் கூடாதா?

மார்ச் 18, புதன்

மறுபடி உட்காரவைத்தேன். இன்று ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு கேள்வி. “அது முடியாம உன்னால தொடங்கவே முடியாதா? இல்ல, முடிஞ்சிருந்தா நல்லா இருக்குமா?”

நன்றாக இருக்கும் என்பதெல்லாம் கோடு ஆகாது. அப்படிப் பார்த்ததும் கோடுகள் உதிர ஆரம்பித்தன. தாத்தாவின் கோடுகள் பெரும்பாலும் சோம்பலுக்கு வைத்த பெயர்கள். அவனே சிரித்துக்கொண்டே அழித்தான்.

‘சோதனை’ கலைஞரின் குரலுக்காகக் காத்திருக்கிறது என்று நானேதான் போட்டிருந்தேன். அதற்கு வந்தபோது மைனா கையைத் தூக்கினாள். “அந்தம்மா குரல் எனக்கு எதுக்குக்கா? சரியான பேரு, ஏதோ ஒரு குரல், அது போதும். என் குரல்லயே போட்டுக்கிறேன்.”

எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை! ஸ்டோர் ரூமில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, போனிலேயே எல்லா நிறுத்தத்தையும் சொல்லி முடித்தாள். முதலில் சொன்னதெல்லாம் யாரையோ அதட்டுகிற மாதிரி இருந்தது. இறங்கச் சொல்கிறாளா, இறக்கிவிடுகிறாளா என்று ஒலிக்காரர் கேட்டார். அப்புறம் நன்றாக வந்துவிட்டது. எங்கள் டீம் சாமர்த்தியமான டீம். இதையும் இங்கேதான் எழுத முடியும், அவர்களிடம் சொன்னால் தலைகால் புரியாது.

மார்ச் 24, செவ்வாய்

சர்வர் வராததால் தாத்தாவின் லேப்டாப்பிலிருந்தே பெயர்களை ஏற்றி, பணிமனைக்குள் ஒரு பழைய பேருந்தில் பெட்டியை மாட்டி ஓட்டிப் பார்த்தோம். டீசல் வாடை, பிளந்துபோன சீட்டு, மைனாவின் குரல். கழகம் ஒரு பெரியவரை அனுப்பியிருந்தது. டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், பிறவியிலேயே பார்வை கிடையாது. முன்சீட்டில் கம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து கேட்டார். நிறுத்தம் என்று நாங்கள் குறித்திருந்த மூன்றாவது இடத்தில் ஓட்டத்தை நிறுத்தச் சொன்னார்.

“சொல்றது சரி. சொல்ற நேரம்தான் தப்பு. கதவு திறந்ததுக்கு அப்புறம் சொன்னா, நான் எழுந்து வர்றதுக்குள்ள வண்டி கிளம்பிடும். எனக்கு எழுந்திரிக்க நேரம் குடுங்க.”

தாத்தா அங்கேயே லேப்டாப்பை மடியில் வைத்து மாற்ற ஆரம்பித்தான். திரும்ப ஓட்டினோம், திரும்ப மாற்றினான். பெரியவர் சலித்துக்கொள்ளவே இல்லை. மைனாவிடம், யாரம்மா பேசுவது, எக்ஸ்சேஞ்சில் உன்னை மாதிரி ஒரு பெண் இருந்தால் லைன் கிடைக்காதவன்கூடச் சண்டை போட மாட்டான் என்றார்.

குரல் கலைஞர் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் இந்தக் கோளாறு ஏப்ரலில்தான் தெரிந்திருக்கும்.

ஏப்ரல் 1, புதன்

சர்வர் வந்தது. சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்பே நேற்றைக்கு முன்தினம் வந்துவிட்டது. மேல்மாடி லீடு தானே இறங்கிவந்து சொன்னார். பிஸ்கட்டை இன்று நானே நீட்டினேன். குரல் கலைஞரும் வந்துவிட்டார். சரியான பட்டியல், சரியான பெயர்கள், தொண்டையும் சரி.

ஏப்ரல் 6, திங்கள்

மனசு சரியில்லை.

எம்.டி. போர்டைத் திறந்துகொண்டு, இப்போது எது நிற்கிறது, யாரால் நிற்கிறது என்று கேட்டார். நான் பெருமையாக, நீங்களே பாருங்கள் சார், எல்லாம் அதிலேயே தெரியும் என்றேன். தெரிந்தது. நிற்கிற கார்டு ஒவ்வொன்றிலிருந்தும் கோடு கிளம்பி ஒரே இடத்துக்குப் போகிறது. ‘அக்கா பார்த்துச் சரி சொல்ல வேண்டும்.’ என் பெயர்தான், பளிச்சென்று சிவப்பில். தாத்தா முடித்தது கிடக்கிறது, ஒலிக்காரர் முடித்தது கிடக்கிறது, எல்லாம் என் வாசலில் வரிசையில் நிற்கின்றன. எம்.டி. புருவத்தைத் தூக்கினார். இன்னும் பத்து நாள்கூட இல்லை என்று அதற்கு அர்த்தம்.

வெளியே வந்ததும் மைனா மெதுவாக, சொன்னால் கோபப்படாதீர்கள் என்று ஆரம்பித்தாள். கோபப்பட்டேன்.

நான் பாக்காம எப்படி அனுப்பறது? பெயர் தப்பா போனா? ஒரு கண் தெரியாதவர் தப்பான இடத்துல இறங்கி ரோட்டுல நின்னா? யார் பதில் சொல்றது, நான்தானே? இவங்களுக்காகத்தானே இவ்வளவும்!

வீட்டுக்காரரிடம் புலம்பினேன். முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு என் கேள்வியையே எடுத்து என்னிடம் நீட்டினார். “நீ பாக்காம அவங்களால முடியவே முடியாதா? இல்ல, நீ பாத்தா உனக்கு நல்லா இருக்குமா?”

போய்ப் பல் தேய்த்தேன். கடைவாய்ப் பல் வேறு வலிக்கிறது.

ஏப்ரல் 8, புதன்

ஊருக்குத்தான் உபதேசமா என்று இரண்டு நாள் என்னையே கேட்டுப் பார்த்தாயிற்று. கோடுகளை அழித்தேன். தாத்தா செய்ததை மைனா பார்ப்பாள். மைனா சொல்வதை ஒலிக்காரர் கேட்டுச் சரி சொல்வார். பேருந்துகளுக்குக் கடைசியாக அனுப்புகிற அந்த ஒன்றை மட்டும் என்னிடம் வைத்துக்கொண்டேன். அதுகூட இல்லாவிட்டால் நான் எதற்கு?

ஏப்ரல் 10, வெள்ளி

இரண்டு நாளில் வரிசை காலியாகிவிட்டது. ஒரு பெயரில் எழுத்து விடுபட்டிருந்ததை மைனா பிடித்தாளாம். நான் அதே கார்டை மார்ச்சில் பார்த்து, சரி என்று போட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 13, திங்கள்

பல் உயிரை வாங்குகிறது. நாளைக் காலையே பிடுங்கியாக வேண்டும் என்றார் பல் டாக்டர். நாளைக்குத்தான், புத்தாண்டு லீவு நாளென்றாலும், பேருந்துகளுக்கு அனுப்ப வேண்டும். நேரத்தை மாற்றலாமா என்று கேட்கப் போனேன், போனைக் கையில் எடுத்துக்கூட விட்டேன். பிறகு போர்டைத் திறந்து, என் பெயரிலிருந்த கடைசிக் கோட்டையும் அழித்துவிட்டு, டாக்டரிடம் வருகிறேன் என்றேன். மைனாவிடம் நாளை நீ அனுப்பு என்று மட்டும் சொன்னேன். சரிக்கா என்றாள்.

ஏப்ரல் 14, செவ்வாய்

பிடுங்கியாயிற்று. பாதி முகம் மரத்துப்போய், பேச முடியாமல், பஞ்சைக் கடித்துக்கொண்டு சோபாவில் கிடந்தேன். என் போன் வீட்டுக்காரர் சட்டைப்பையில். அடித்ததா என்று கையால் கேட்டேன். அடிக்கவில்லை என்றார். பொய் சொல்கிறாரோ என்று பிடுங்கிப் பார்த்தேன். அடிக்கவில்லைதான். ஒரு தடவைகூட.

போர்டில் மட்டும் ஒரு வரி: ‘எல்லாப் பெட்டிக்கும் போய்ச் சேர்ந்தது.’ கீழே மைனாவின் பெயர். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே.

ஏப்ரல் 15, புதன்

பேசியது! எல்லாப் பேருந்திலும், சரியான இடத்தில், எழுந்து வர நேரம் விட்டுப் பேசியது. ஆபரேட்டர் பெரியவர் முதல் வண்டியில் போய்விட்டு வந்து கழகத்துக்கே போன் செய்து சொன்னாராம். எம்.டி. எல்லோரையும் நிற்கவைத்துக் கை கொடுத்தார். டீம் இப்படியே இருக்கும். மைனாவுக்கு நிரந்தரம். அவள் அங்கேயே அம்மாவுக்குப் போன் போட்டு, அம்மா நான் மந்தம் இல்லையாம் என்று சொன்னாள். எம்.டி. முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

நான் வீங்கிய கன்னத்தோடு சிரித்தேன். வலித்தது, ஆனாலும் சிரித்தேன்.

ஏப்ரல் 20, திங்கள்

இரண்டாவது வழித்தடம் வந்துவிட்டது. காலையில் போய், போர்டைப் பிரிக்க வேண்டுமே என்று உட்கார்ந்தால், மைனாவும் தாத்தாவும் சனிக்கிழமையே எல்லாம் போட்டு வைத்திருக்கிறார்கள். பகுதி எல்லாம் அடியில், காத்திருப்பு எல்லாம் கோட்டில். குரல்பதிவு பெயர்ப்பட்டியலுக்குக் காத்திருக்கிறது. மேல்மாடிக்கு இப்போதே சொல்லியாகிவிட்டது. குற்றம் கண்டுபிடிக்கலாம் என்று மேலிருந்து கீழ் வரை பார்த்தேன், கீழிருந்து மேல் வரையும் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. என் பெயர் எதிலும் இல்லை.

மதியம் மைனா என் மேஜைக்கு வந்தாள். ஏதோ கேட்கப் போகிறாள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். பல் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

பெருமையாக இருக்கிறது. கொஞ்சம் எரிச்சலாகவும் இருக்கிறது. பெருமைதான் அதிகம்.